பதிவேட்டுச் சர்வர் இல்லாமல் சேவைகளைக் கண்டறிதல்: தானாக ஒழுங்கமையும் முகவர் வலைக்கு ஒரு முழு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கூடத்தில் 30 கணினிகள் இருந்தன. பழைய ஆவணங்களின் படங்களை வாங்கி எழுத்தாக மாற்றித் தரும் வேலை. சில கணினிகள் படத்தின் கோணலைச் சரிசெய்யும், சில எழுத்துணரியை ஓட்டும், சில பிழை பார்க்கும். எந்தச் சேவை எந்த முகவரியில் இருக்கிறது என்ற விவரம் மட்டும் ஒரே ஒரு பதிவேட்டுச் சர்வரில் இருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு அதன் வட்டு நிரம்பி அது நின்றுவிட்டது. மற்ற 29 கணினிகளும் எந்தப் பழுதும் இன்றி ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் ஒன்றின் இருப்பிடம் இன்னொன்றுக்குத் தெரியாததால் திங்கட்கிழமை காலைவரை ஒரு பக்கம்கூட நகரவில்லை.

அதன்பிறகு அந்தப் பதிவேட்டை எடுத்துவிட்டு, கணினிகள் தாங்களே ஒன்றையொன்று தெரிந்துவைத்துக்கொள்ளும் வலையைக் கட்டினேன். புதிய சேவையைக் கண்டுபிடிக்க வைப்பதுதான் பெரிய வேலை என்று எண்ணித் தொடங்கினேன். அது இரண்டு நாளில் முடிந்தது. நின்றுபோன சேவையை வலை முழுதும் ஒழுங்காக மறக்க வைப்பதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதனால் இந்த வழிகாட்டியும் மறதியைப் பற்றியே அதிகம் பேசும்.

முதலில், இது உங்களுக்குத் தேவையா?

உங்களிடம் ஐந்தே கணினிகள் இருந்து அவற்றின் முகவரி மாறுவதே இல்லை என்றால், முகவரிகளை ஒரு கோப்பில் எழுதி ஐந்திலும் வைத்துவிடுங்கள். பல கணினிகளில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் போன்ற மேடையில் ஏற்கெனவே ஓடுகிறீர்கள் என்றால், பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தரும் அதன் உள் டிஎன்எஸ் போதும். கணினிகள் முன்னறிவிப்பின்றி வந்து போகின்றன, இடையில் உள்ள இணைப்பு அடிக்கடி அறுகிறது, எல்லாவற்றுக்கும் பொறுப்பான நிர்வாகி ஒருவர் இல்லை என்ற நிலையில்தான் மையமற்ற வலைக்கான உழைப்பு வீண்போகாது.

மையப் பதிவேடு ஒன்றும் இழிவான யோசனை அன்று. 1996இல் தொடங்கிய ஃபிபா (FIPA) அமைப்பு மென்பொருள் முகவர்களுக்கு வகுத்த தரத்திலேயே, யார் என்ன சேவை தருகிறார் என்று பதிந்துவைக்கும் முகவர் ஒருவர் உண்டு. 2000இல் உலகின் இணையச் சேவைகள் அனைத்துக்கும் ஒரே பதிவேடு என்ற கனவோடு யூடிடிஐ வந்தது. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி ஆகியவை நடத்திய அதன் பொதுப் பதிவேடு 2006 ஜனவரியில் மூடப்பட்டது. ஒரு நிறுவனத்தின் சுவர்களுக்குள் அத்தகைய பதிவேடு இன்றும் நன்றாகவே வேலை செய்யும். அது நிற்கும்போது எல்லாம் நிற்கும் என்பதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்பதை மட்டும் யோசித்து முடிவெடுங்கள்.

இனி வரும் படிகளில் முகவர் என்று நான் சொல்வது, ஒவ்வொரு கணினியிலும் பின்னணியில் ஓடும் ஒரு சிறு நிரலை. தன் கணினியில் என்ன சேவைகள் உள்ளன என்று அது அறியும். மற்ற முகவர்களோடு பேசும். "எழுத்துணரி எங்கே?" என்று உள்ளூர் நிரல் கேட்டால் பதில் சொல்லும்.

படி 1: அடையாளமும் அறிமுக அட்டையும்

முகவரின் அடையாளமாக ஐபி முகவரியை வைக்காதீர்கள். அது மாறும், ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். முகவர் முதன்முதலில் ஓடும்போதே ஒரு சாவிச் சோடியை உருவாக்கச் செய்யுங்கள்: கையொப்பமிடத் தனிச்சாவி, அதைச் சரிபார்க்கப் பொதுச்சாவி. எட்25519 முறை போதுமானது. பொதுச்சாவியின் ஷா-256 ஹாஷே, அதாவது அதிலிருந்து கணக்கிட்டு வரும் நிலையான நீளமுள்ள எண்ணே, அதன் பெயர். தனிச்சாவி அந்தக் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது.

அடுத்து, ஒவ்வொரு சேவைக்கும் ஓர் அறிமுக அட்டை:

சேவை: எழுத்துணரி, பதிப்பு 3
இடம்: 10.0.4.17, போர்ட் 7000
திறன்: தமிழ், ஆங்கிலம், ஒரே நேரத்தில் 4 பக்கம்
உரிமையாளர்: முகவரின் பெயர்
வரிசை எண்: 48
குத்தகை: 60 விநாடி
கையொப்பம்: உரிமையாளரின் தனிச்சாவியால் இட்டது

குத்தகை என்பது புதுப்பிக்காவிட்டால் அட்டை செல்லும் காலம்; படி 6இல் அதற்கு வருவோம். வரிசை எண், அட்டையைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும். எது புதிய அட்டை என்பதை இந்த எண்ணை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கடிகார நேரத்தை வைத்து முடிவு செய்தால், ஒரு கணினியின் கடிகாரம் பத்து நிமிடம் முன்னே ஓடும் நாளில் அதன் பழைய அட்டை மற்ற திருத்தங்களையெல்லாம் வென்றுவிடும். அட்டையைத் திருத்தும் உரிமை அதன் உரிமையாளருக்கு மட்டுமே என்பதால் எண் மோதலும் வராது. இந்த ஒரு கட்டுப்பாடு பின்னால் எத்தனையோ தலைவலிகளைத் தவிர்க்கிறது.

அட்டை சிறியதாக இருக்கட்டும். யூடிபி பாக்கெட் (இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்பும் சிறு தகவல் பொதி) ஒன்றில் ஏறத்தாழ 1,400 பைட்டுக்குள் அடங்கினால்தான் வழியில் துண்டாகாமல் போய்ச்சேரும். தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு: யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். 'எழுத்துணரி' என்ற சொல்லில் 10 குறிகள், எனவே 30 பைட். நான் அட்டையில் குறுங்குறியீட்டை வைத்து, மனிதர் படிக்கும் பெயரைக் கேட்டால் மட்டும் தரும்படி செய்தேன்.

படி 2: முதல் அறிமுகம்

யாரையும் தெரியாமல் எந்த வலையிலும் சேர முடியாது. ஒரே உள்வலைக்குள் என்றால் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் இருக்கிறது. மல்டிகாஸ்ட் என்பது ஒரே செய்தியைப் பலருக்கு ஒருசேர அனுப்புவது. 2002இல் ஆப்பிள் தன் இயங்குதளத்தில் கொண்டுவந்து, பின்னர் பான்ஜூர் என்று பெயர் மாற்றிய நுட்பம் இது. 2013இல் ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தர ஆவணமாக வெளியாயிற்று. புதியவர் 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353ஆம் போர்ட்டில், இன்ன சேவை யாரிடம் இருக்கிறது என்று பொதுவாகக் கேட்பார். வைத்திருப்பவர் பதில் தருவார். வீட்டுப் பிரிண்டரை எந்த அமைப்பும் செய்யாமல் கணினி கண்டுகொள்வது இப்படித்தான். லினக்ஸில் அவாஹி என்ற நிரல் இதைச் செய்கிறது.

ஆனால் இந்தக் கேள்வி ரவுட்டரைத் தாண்டாது. பல வைஃபை கருவிகளில் ஒரு பயனரின் மல்டிகாஸ்ட் மற்றவருக்குப் போகாதபடி தடுத்திருப்பார்கள். அதனால் இரண்டாவது வழியும் வேண்டும்: விதைக் கணினிகள். மூன்று கணினிகளின் முகவரியை எல்லா முகவர்களின் அமைப்புக் கோப்பிலும் எழுதுங்கள். விதைக்கு எந்தத் தனி அதிகாரமும் கிடையாது. வாசலில் நின்று முதல் அறிமுகத்தைச் செய்துவைப்பது மட்டுமே அதன் வேலை. சேர்ந்த பின் மூன்றும் அணைந்தாலும் வலை ஓட வேண்டும்.

மூன்றாவது வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தனக்குத் தெரிந்த அண்டைகளின் பட்டியலை முகவர் அவ்வப்போது வட்டில் எழுதிவைக்கட்டும். மறுபடி எழும்போது அவர்களையே முதலில் தேடட்டும். மின்வெட்டுக்குப் பின் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் எழுந்து விதைகளை மொய்ப்பதை இது தடுக்கும்.

படி 3: யார் இருக்கிறார், யார் இல்லை

எல்லாரும் எல்லாருக்கும் விநாடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்வதுதான் முதலில் தோன்றும் வழி. 100 கணினிகளில் அது விநாடிக்கு 9,900 செய்திகள். கணினிகள் பத்து மடங்கானால் செய்திகள் நூறு மடங்காகும்.

2002இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் அபினந்தன் தாஸ், இந்திரநீல் குப்தா, ஆஷிஷ் மோதிவாலா ஆகியோர் வெளியிட்ட ஸ்விம் நெறிமுறை இந்தச் சுமையை அழகாக இறக்கிவைத்தது. அதன்படி உங்கள் முகவரை இப்படி எழுதுங்கள்:

விநாடிக்கு ஒருமுறை, பட்டியலிலிருந்து ஒருவரை எடுத்து "இருக்கிறாயா?" என்று கேள். அரை விநாடிக்குள் பதில் வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் வேறு மூன்று பேரைப் பிடித்து, "அவரை எனக்காகக் கேட்டுச் சொல்" என்று அனுப்பு. அவர்களில் ஒருவருக்குப் பதில் கிடைத்தாலும் அவர் இருக்கிறார் என்றே கொள்.

அந்த மூவரின் உதவி மிகவும் முக்கியம். எனக்கும் அவருக்கும் இடையில் உள்ள கேபிள் மட்டும் கெட்டிருக்கலாம். என் ஒரு காதுக்குக் கேட்கவில்லை என்பதற்காக ஒருவரை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

இதில் ஒவ்வொருவரும் விநாடிக்கு ஒரு கேள்வியும் ஒரு பதிலுமே அனுப்புவதால், 100 கணினிகளுக்கு விநாடிக்கு 200 செய்திகள் போதும். கணினிகள் எத்தனை இருந்தாலும் ஒருவர் நின்றுபோனதை யாரேனும் முதலில் உணர ஆகும் சராசரி நேரம் சுமார் 1.6 சுற்றுதான் (விநாடிக்கு ஒரு சுற்று). எல்லாரும் தற்செயலாகத் தேர்ந்து கேட்கும்போது ஒரு சுற்றில் ஒருவர் கேட்கப்படும் வாய்ப்பு 63 விழுக்காடு என்பதிலிருந்து வரும் கணக்கு அது. முழுதும் தற்செயலாக விட்டால் துரதிர்ஷ்டசாலி ஒருவரை நெடுநேரம் யாரும் கேட்காமலே போகலாம். எனவே பட்டியலைக் கலைத்து, வரிசையாக முழுதும் கேட்டு, முடிந்ததும் மறுபடி கலையுங்கள்.

நான் சொன்ன ஒரு விநாடி, அரை விநாடி, மூன்று உதவியாளர் என்ற அளவுகள், ஹாஷிகார்ப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் மெம்பர்லிஸ்ட் நிரலகம் உள்வலைக்கு வைத்திருக்கும் இயல்பு அளவுகள். கோ மொழியில் எழுதுபவர்கள் அந்த நிரலகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்நிறுவனத்தின் சேவை கண்டறியும் கருவியான கன்சலும், உறுப்பினர் பட்டியலைப் பேணும் செர்ஃபும் அதன்மேல் நிற்பவையே. ஆனாலும் ஒருமுறையாவது இந்தப் படியைச் சொந்தக் கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்பேன். எழுதாமல் இதன் மூலைமுடுக்குகள் புரிவதில்லை.

படி 4: சந்தேகமும் மறுப்பும்

பதில் வராதவரை உடனே இறந்தவர் என்று அறிவித்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் கூடத்தில் பார்த்தேன். எழுத்துணரி ஒரு பெரிய பக்கத்தைப் படிக்கையில் கணினி சில விநாடிகள் திணறும். அதற்குள் மற்றவர்கள் அதைப் பட்டியலிலிருந்து நீக்குவார்கள். அது மூச்சு வாங்கியதும் மீண்டும் சேரும். நாள் முழுதும் நீக்கமும் சேர்க்கையுமாக இருந்தது.

அதனால் ஸ்விம்மில் இடைநிலை ஒன்று உண்டு: சந்தேகம். பதில் வராதவர்மேல் "சந்தேகம்" என்ற செய்தி வலையில் பரவும். அது சந்தேகத்துக்கு உள்ளானவரின் காதையும் எட்டும். உயிரோடு இருந்தால் அவர் உடனே மறுப்பு வெளியிட வேண்டும். பழைய செய்தி எது, புதிய மறுப்பு எது என்று மற்றவர்கள் எப்படி அறிவது? அதற்குத்தான் ஒவ்வொரு முகவரிடமும் ஒரு பிறவி எண். அதை ஏற்றும் உரிமை அவருக்கு மட்டுமே. விதிகள் இவை:

"உயிரோடு" என்ற செய்தி வந்தால், அதன் பிறவி எண் என்னிடம் உள்ளதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் ஏற்பேன்.
"சந்தேகம்" என்று வந்தால், உயிரோடு இருப்பதாக நான் நம்புபவரின் பிறவி எண்ணுக்கு அது சமமாக இருந்தாலும் ஏற்பேன்.
"இறந்தார்" என்று வந்தால், பிறவி எண் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் ஏற்பேன்.
என்னைப் பற்றியே "சந்தேகம்" அல்லது "இறந்தார்" என்று வந்தால், அதில் உள்ள எண்ணைவிட ஒன்று கூட்டி "உயிரோடு" என்று அறிவிப்பேன்.

2002 ஆய்வுக் கட்டுரையில் "இறந்தார்" என்பது மாற்ற முடியாத தீர்ப்பு. நடைமுறை நிரல்கள் அதைத் தளர்த்தி, பெரிய பிறவி எண்ணோடு வருபவரை மீண்டும் சேர்த்துக்கொள்கின்றன. நானும் தளர்த்தவே சொல்வேன்.

மறுப்புக்கு எவ்வளவு நேரம் தருவது? கணினிகளின் எண்ணிக்கைக்குப் பத்தடி மடக்கை எடுத்து, அதை நான்கால் பெருக்குங்கள். 100 கணினிகளுக்கு 8 விநாடி. முப்பதுக்கு ஏறத்தாழ 6 விநாடி. செய்தி பரவ ஆகும் நேரமும் மடக்கை அளவிலேயே வளர்வதால் இரண்டும் ஒத்துப்போகும்.

ஒரு குறை மீதம் இருந்தது. ஒரு மடிக்கணினியை மூடி, அரை மணி கழித்துத் திறந்தால், அதற்கு யாரிடமிருந்தும் பதில் வந்திருக்காது. உடனே அது எல்லார்மேலும் சந்தேகச் செய்தியை இறைக்கும். கோளாறு அதனிடம்தான் இருக்கிறது. பழி மற்ற 29 பேர்மேல் விழுகிறது. ஹாஷிகார்ப் பொறியாளர்கள் 2017இல் வெளியிட்ட லைஃப்கார்ட் ஆய்வு இதற்குத் தந்த மருந்து எனக்கு மிகவும் பிடித்தது: கேட்டவர்களிடமிருந்தெல்லாம் பதில் வரவில்லை என்றால், முகவர் முதலில் தன் உடல்நிலையைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் முகவரில் ஒரு மதிப்பெண் வையுங்கள். பதில் வராத ஒவ்வொரு முறையும், தன்மேல் வந்த சந்தேகத்தை மறுக்க நேர்ந்த ஒவ்வொரு முறையும் அதைக் கூட்டுங்கள். பதில் வந்தால் குறையுங்கள். மதிப்பெண் கூடக்கூட அரை விநாடிக் காத்திருப்பு நீளட்டும். இதைச் சேர்த்த அன்றே எங்கள் பதிவுக் கோப்புகள் அமைதியாயின.

படி 5: கிசுகிசு

உறுப்பினர் செய்தியும் அறிமுக அட்டைகளும் பரவுவது கிசுகிசு முறையில். புதிய செய்தி கிடைத்தவர் தற்செயலாகத் தேர்ந்த சிலரிடம் அதைச் சொல்வார். கேட்டவர்களும் அதையே செய்வார்கள். ஒரு சுற்றுக்கு ஒருவரிடம் மட்டும் சொன்னாலும் 1,000 கணினிகளுக்குச் செய்தி சேர ஏறக்குறைய 17 சுற்று போதும்; 10,000 என்றால் 23. எண்ணிக்கை பத்து மடங்காகியும் ஆறே சுற்றுதான் கூடுகிறது.

தனிப் பாக்கெட் அனுப்ப வேண்டியதில்லை. படி 3இன் கேள்வி பதில்களில் மீதம் இருக்கும் இடத்தில் கிசுகிசுவை ஏற்றி அனுப்புங்கள். ஒவ்வொரு செய்தியையும் வரம்பிட்ட முறைதான் சொல்ல வேண்டும். முப்பது கணினி வலைக்கு ஒவ்வொருவரும் எட்டு முறை சொன்னால் போதும். குறைந்த முறை சொல்லப்பட்ட செய்திக்கு முதல் இடம் கொடுங்கள்.

வரம்பு வைத்தால் சிலர் காதில் விழாமலே போகும் அல்லவா? போகும். அதற்காக ஒவ்வொரு முகவரும் முப்பது விநாடிக்கு ஒருமுறை யாரேனும் ஒருவரோடு, தகவல் தொலையாமல் சேர்ப்பிக்கும் டிசிபி இணைப்பில் முழுப் பட்டியலையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். அட்டைகளின் பெயரையும் வரிசை எண்ணையும் முதலில் அனுப்பி, வேறுபடுவதை மட்டும் மாற்றிக்கொண்டால் சுமை குறையும். இந்த இரட்டை ஏற்பாடு, 1987இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் டெமர்ஸும் உடன் உழைத்தவர்களும் தொற்றுநோய்க் கணக்கை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. அவர்களும் ஒரு பெயர்ப் பதிவேட்டைப் பல இடங்களில் ஒரே மாதிரி வைத்திருக்கத்தான் போராடினார்கள்.

ஓர் எச்சரிக்கை. கிசுகிசுவில் நல்ல செய்தி எவ்வளவு வேகமாகப் பரவுமோ, கெட்ட செய்தியும் அதே வேகத்தில் பரவும். 2008 ஜூலை 20 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை பல மணி நேரம் முடங்கியது. சர்வர்களின் நிலையைப் பரப்பும் கிசுகிசுச் செய்திகள் சிலவற்றில் ஒரே ஒரு பிட் புரண்டிருந்தது. செய்தி படிக்கக்கூடியதாகவே இருந்ததால் யாரும் ஐயப்படவில்லை. கடைசியில் சர்வர்களுக்கு இடையிலான பேச்சையே நிறுத்தி, நிலைத் தகவலைத் துடைத்துவிட்டுத்தான் மீட்டார்கள். வாடிக்கையாளர் தரவுக்கெல்லாம் இருந்த சரிபார்ப்பு எண் இந்த உள் செய்திகளுக்கு இல்லை என்று நிறுவனமே விளக்கியது. நாம் படி 1இல் ஒவ்வொரு அட்டைக்கும் கையொப்பம் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கையொப்பம் பொருந்தாத அட்டையை ஏற்கவும் கூடாது, அடுத்தவருக்குக் கடத்தவும் கூடாது.

படி 6: மறக்கக் கற்பித்தல்

ஒரு நாள் பழைய பிழை பார்க்கும் சேவை ஒன்றை நிறுத்தினோம். எல்லாப் பட்டியல்களிலிருந்தும் அதன் அட்டை நீங்கியது. மறுநாள் காலை அது மறுபடி எல்லாப் பட்டியல்களிலும் இருந்தது. அதை நீக்கினோம், மீண்டும் வந்தது. வார இறுதியில் அணைத்து வைத்திருந்த ஒரு கணினிதான் காரணம் என்று தெரிய மூன்று நாள் ஆனது. அதன் நினைவில் பழைய அட்டை இருந்தது. அது எழுந்து முழுப் பட்டியலை ஒப்பிட்டபோது, "உங்களிடம் இது இல்லையே" என்று எல்லாருக்கும் அன்போடு கொடுத்துவிட்டது.

அட்டையை வெறுமனே அழித்தால் இப்படித்தான் ஆகும். "எனக்குத் தெரியாது" என்பதும் "அது இல்லை என்று எனக்குத் தெரியும்" என்பதும் ஒன்றாகிவிடுகின்றன. டெமர்ஸ் குழு இதற்கும் விடை வைத்திருந்தது: இறப்புச் சான்றிதழ். சேவையை நிறுத்தும்போது அட்டையை அழிக்காமல், வரிசை எண்ணை ஒன்று கூட்டி "நீக்கப்பட்டது" என்று குறித்த அட்டையைப் பரப்புங்கள். பழைய அட்டை எங்கிருந்து முளைத்தாலும் சான்றிதழின் பெரிய எண் அதை அடக்கிவிடும்.

சான்றிதழ்களை எத்தனை நாள் வைத்திருப்பது? எந்தக் கணினி அதிகபட்சம் எவ்வளவு நாள் அணைந்திருக்கும் என்று நினைக்கிறீர்களோ, அதைவிட நீண்ட காலம். எங்கள் கூடத்தில் பொங்கல் விடுமுறையைக் கணக்கில் எடுத்து 14 நாள் வைத்தோம். அதற்கும் மேல் விலகியிருந்த முகவர், தன் பழைய பட்டியலைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியவராகத்தான் சேர வேண்டும் என்று விதித்தோம். 1987 கட்டுரையில் இதைவிட நயமான வழியும் உண்டு: பெரும்பாலோர் சான்றிதழை மறந்துவிடுவார்கள், சில இடங்கள் மட்டும் உறங்கும் பிரதியாக வைத்திருக்கும், பழைய தகவல் தலைகாட்டினால் அதை எழுப்பிப் பரப்பும். ஆயிரக்கணக்கில் சேவைகள் வந்துபோகும் வலையில் இது தேவைப்படலாம்.

திடீரென இறப்பவர்கள் சான்றிதழ் எழுத மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் குத்தகை. அட்டையில் 60 விநாடி என்று இருந்தால், உரிமையாளர் 20 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இரண்டு புதுப்பிப்புகள் தொலைந்தாலும் மூன்றாவது காப்பாற்றும். குத்தகை தீர்ந்த அட்டையை யாருக்கும் பதிலாகத் தரக் கூடாது. 1990களின் இறுதியில் சன் நிறுவனம் கொண்டுவந்த ஜினி அமைப்பு இந்தக் குத்தகைக் கருத்தை மையமாக வைத்தே கட்டப்பட்டது. இங்கே ஒரு நுட்பம்: குத்தகை எப்போது தீர்கிறது என்பதை, புதுப்பிப்புச் செய்தி தன்னிடம் வந்த கணத்திலிருந்து ஒவ்வொரு முகவரும் தன் கணினியின் முன்னோக்கி மட்டுமே ஓடும் கடிகாரத்தால் அளக்கட்டும். அடுத்தவருக்குக் கடத்தும்போது மீதம் இருக்கும் விநாடிகளையும் சேர்த்து அனுப்பட்டும். இல்லாவிட்டால் கைமாறக் கைமாறக் குத்தகை முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும்.

முகவரே இறந்துவிட்டார் என்று படி 4 முடிவு செய்தால், அவருடைய எல்லா அட்டைகளும் அந்தக் கணமே பயனற்றவை. குத்தகை, முகவர் உயிரோடு இருந்து அவரிடம் உள்ள சேவை மட்டும் நின்றுபோகும்போதுதான் தன் பயனைக் காட்டும். எனவே முகவர் கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிக்கக் கூடாது. சேவையிடம் ஒரு சிறு உண்மையான வேலையைக் கொடுத்து, அது முடிந்தால்தான் புதுப்பிக்க வேண்டும். எழுத்துணரிக்கு நாங்கள் ஒரே ஒரு சொல் கொண்ட படத்தைக் கொடுத்தோம்.

படி 7: தேடல்

சில ஆயிரம் சேவைகள்வரை தேடல் என்று தனியாக எதுவும் வேண்டாம். எல்லா அட்டைகளும் எல்லாரிடமும் இருக்கின்றன. 300 பைட் அட்டை 5,000 இருந்தாலும் 1.5 மெகாபைட்தான். உள்ளூர் நினைவில் தேடினால் போதும். வலை இரண்டாகப் பிளந்தாலும் தேடல் ஓடும்.

லட்சங்களுக்குப் போனால் கதை வேறு. 2000இல் வந்த நுடெல்லா கோப்புப் பகிர்வு வலை, கேள்வியை எல்லா அண்டைகளுக்கும் அனுப்பி, அவர்களும் தம் அண்டைகளுக்கு அனுப்பும் வெள்ள முறையைப் பின்பற்றியது. பயனர்கள் பெருகியதும் கேள்விகளே வலையை நிரப்பின. அதற்கு மாற்றாக, எந்தத் தகவல் யாரிடம் இருக்கும் என்பதை அதன் ஹாஷை வைத்தே முடிவு செய்யும் பகிர்ந்த ஹாஷ் அட்டவணைகள் 2001 முதல் வந்தன. அவற்றில் கோர்ட் என்பதை எம்ஐடியில் உருவாக்கிய ஐவரில் ஒருவர், சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணன். இன்று அதிகம் புழங்குவது 2002இல் பெதார் மேமுன்கோவும் டேவிட் மாசியரும் எழுதிய கதெம்லியா. பிட்டொரென்ட் கோப்புப் பகிர்வு வலையின் ஹாஷ் அட்டவணை அதன்மேல்தான் ஓடுகிறது.

கதெம்லியாவில் முகவரின் பெயரும் சேவைப் பெயரின் ஹாஷும் ஒரே எண்வெளியில் இருக்கும். இரண்டு எண்களுக்கு இடையிலான தூரம், அவற்றின் பிட்டுகளை எக்ஸார் செய்து (வேறுபடும் இடத்தில் 1, ஒத்த இடத்தில் 0 இட்டு) வரும் எண். 5க்கும் 6க்கும் தூரம் 3. 5க்கும் 1க்கும் தூரம் 4. ஒரு சேவையின் அட்டையை அதன் ஹாஷுக்கு மிக அருகில் இருக்கும் 20 முகவர்களிடம் வையுங்கள். தேடுபவர், தனக்குத் தெரிந்தவர்களில் ஹாஷுக்கு அருகில் உள்ள மூவரிடம் ஒரே நேரத்தில் கேட்பார். அவர்கள் இன்னும் அருகில் உள்ளவர்களைக் காட்டுவார்கள். ஒவ்வொரு தாவலிலும் தூரம் பாதியாவதால் பத்து லட்சம் முகவர்களிலும் 20 தாவலுக்குள் போய்ச்சேரலாம்.

அண்டைப் பட்டியல் நிரம்பியிருக்கும்போது புதியவர் வந்தால் யாரை விடுவது? கதெம்லியா நெடுநாள் தெரிந்தவரை வைத்துக்கொண்டு புதியவரை விடுகிறது. இதுவரை நீண்ட நேரம் இருந்தவர் அடுத்த ஒரு மணி நேரமும் இருப்பதற்கான வாய்ப்பு அதிகம் என்று நுடெல்லா பயனர்களின் அளவீடு காட்டியிருந்தது.

ஹாஷ் அட்டவணை சரியான பெயருக்கு மட்டுமே பதில் தரும். "தமிழ் கையெழுத்தைப் படிக்கக்கூடிய ஏதாவது" என்று அதனிடம் கேட்க முடியாது. பொதுப்படையான சில திறன் பெயர்களை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அவை ஒவ்வொன்றின் ஹாஷிலும் அட்டையை வைத்து, கிடைத்தவற்றை உள்ளூரில் வடிகட்டுவதே நான் நம்பும் வழி. மொழி மாதிரிகளை வைத்து ஓடும் இன்றைய முகவர்களுக்காக 2025இல் கூகுள் அறிவித்த ஏ2ஏ நெறிமுறையிலும் முகவர் தன் திறன்களை ஓர் அட்டையில் எழுதிவைக்கிறார். அந்த அட்டை எப்படி உங்கள் கைக்கு வந்துசேரும் என்ற கேள்விக்கு, இந்தப் பழைய நெறிமுறைகள் இன்னும் பொருத்தமான விடையாகவே இருக்கின்றன.

படி 8: பலரில் ஒருவர்

எழுத்துணரி ஆறு கிடைத்தால், சுமை குறைந்த ஒன்றை எல்லாரும் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். சுமைத் தகவல் சில விநாடி பழையது. எல்லாரும் ஒரே கணினிமேல் பாய்வார்கள். அது திணறியதும் அடுத்ததன்மேல் பாய்வார்கள். தற்செயலாக இருவரை எடுத்து, அவர்களிடம் நேரடியாகச் சுமை கேட்டு, குறைந்தவரிடம் வேலையைக் கொடுங்கள். இருவரை ஒப்பிடும் இந்தச் சிறு செயலே நெரிசலை வெகுவாகக் குறைக்கும் என்பது கணித முறையில் நிறுவப்பட்டது.

படி 9: யாரை நம்புவது

உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள கணினிகள் மட்டும் என்றால், எல்லா முகவருக்கும் பொதுவான ஒரு மறைச்சாவியால் கிசுகிசுவைப் பூட்டுங்கள். சாவியை மாற்றும் நாளுக்காகப் பழையது, புதியது இரண்டையும் சில மணி நேரம் ஏற்கும்படி வையுங்கள்.

வெளியார் சேரும் வலையில் பெரிய ஆபத்து, ஒருவரே ஆயிரம் பெயர்களில் நுழைவது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ஜான் டவ்சர் 2002இல் இதை சிபில் தாக்குதல் என்ற பெயரில் விவரித்து, அடையாளத்தை உறுதிசெய்யும் மையம் எதுவும் இல்லாமல் இதை முழுதாகத் தடுப்பது நடைமுறையில் முடியாதது என்று காட்டினார். இதை மறைத்து எந்த வழிகாட்டியும் எழுதக் கூடாது. திறந்த வலையில் சேர்க்கைக்கு ஒரு வாசல் கண்டிப்பாக வேண்டும்: ஏற்கெனவே இருக்கும் இருவரின் கையொப்பம் இருந்தால்தான் புதியவர் சேரலாம் என்பது போல.

படி 10: உடைத்துப் பாருங்கள்

ஐந்து மெய்நிகர் கணினிகள் போதும். ஒன்றின் முகவரைச் சட்டென்று கொல்லுங்கள். பத்து விநாடிக்குள் எல்லாப் பட்டியலிலிருந்தும் நீங்க வேண்டும். இன்னொன்றை ஸ்டாப் சிக்னல் அனுப்பி ஒரு நிமிடம் உறைய வைத்து விடுவியுங்கள். அது மற்றவர்கள்மேல் பழி போடாமல் மீண்டும் சேர வேண்டும். லினக்ஸின் நெட்எம் கருவியால் பாக்கெட்டுகளில் 20 விழுக்காட்டைத் தொலைக்கச் செய்யுங்கள். ஒருவர்கூட இறந்ததாக அறிவிக்கப்படக் கூடாது. ஒரு கணினியின் கடிகாரத்தை ஒரு நாள் முன்னே தள்ளுங்கள். எதுவும் மாறக் கூடாது. சேவையை நிறுத்தி, பழைய அட்டையோடு உறங்கிய கணினியை எழுப்புங்கள். அட்டை திரும்பி வரக் கூடாது.

கடைசிச் சோதனைக்கு, வலையை ஃபயர்வாலால் இரண்டாகப் பிரித்து, ஒரு மணி நேரம் கழித்துச் சேருங்கள். எங்கள் முதல் வடிவம் இதில்தான் தோற்றது. இரு பக்கமும் எதிர்ப்பக்கத்தை இறந்ததாக முடிவு செய்து, ஒழுங்காக மறந்திருந்தன. சுவர் நீங்கிய பிறகும் யாரும் யாரையும் தேடவில்லை. ஒரு வலை இரண்டு வலைகளாகவே நிலைத்துவிட்டது. கன்சல் இதற்காகத்தான் காணாமல்போனவர்களை 72 மணி நேரம்வரை நினைவில் வைத்து அவ்வப்போது தட்டிப் பார்க்கிறது. நாங்கள் சேர்த்ததும் அதுபோன்ற ஒரே வரி: அரை நிமிடத்துக்கு ஒருமுறை, இறந்தவர் பட்டியலிலிருந்து ஒருவரையும் விதைகளில் ஒருவரையும் "இருக்கிறாயா?" என்று கேள். அந்த வரியோடு மறுபடி சோதித்தபோது, சுவரை எடுத்த ஒரு நிமிடத்துக்குள் முப்பது பெயர்களும் எல்லாத் திரைகளிலும் திரும்பி வந்தன.